கழுகுக்கு 60, பேருந்துக்கு 200

தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்திருக்கிற வரைபடம் ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்து விரியுங்கள். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஒரு முழம் நூல் வேண்டும். பள்ளிப் பையிலிருந்து அடிக்கோல் வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேல் ஒரு விரலை வையுங்கள். நேர் மேற்கே போய், சற்றே தெற்கே இறங்கினால் சபரிமலை. அங்கே இன்னொரு விரல். இரண்டுக்கும் நடுவே அடிக்கோலால் அளந்து, வரைபடத்தின் மூலையில் போட்டிருக்கும் அளவால் பெருக்கிப் பாருங்கள். 60 கிலோமீட்டர் போல வரும். கழுகுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது நூலை எடுத்துச் சாலை போகிற வழியிலேயே வளைத்து வையுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், பத்தனம்திட்டை, பம்பை. நூலை நீட்டி அளந்தால் 200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு கிளம்புகிற மாமாவும் சித்தப்பாவும் இந்த நூல் போன வழியில்தான் வேனில் போய்வருகிறார்கள். அந்தக் காலத்து ராஜாக்களோ இந்தக் காலத்து அரசாங்கமோ சோம்பேறித்தனத்தில் நேர்ச்சாலை போடாமல் விட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குறுக்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அதோடு பேரம் பேச முடியாது.

ராஜபாளையம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே மலை முகடு 2000 மீட்டரைத் தொடுகிறது. இந்த ஏற்றம் முழுவதும் சில கிலோமீட்டருக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. சிக்கலே அதில்தான்.

மலைச்சாலை போடுகிற பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வண்டி 20 மீட்டர் முன்னால் போனால் 1 மீட்டர் மேலே ஏறலாம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ரொம்பத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாரம் ஏற்றிய லாரி மூச்சு வாங்கும், இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். சரி, 1000 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20ஐ 1000ஆல் பெருக்கினால் 20,000 மீட்டர், அதாவது 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். மலைச்சரிவின் அகலமோ 5 கிலோமீட்டர்தான். 20 கிலோமீட்டரை 5 கிலோமீட்டருக்குள் எப்படி அடைப்பது? மடிக்க வேண்டியதுதான். இப்படியும் அப்படியுமாக மடிக்கிற இடங்களைத்தான் கொண்டை ஊசி வளைவு என்கிறோம். தேனி மாவட்டம் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற சாலையில் இப்படி 18 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரை வைத்திருக்கிறார்கள். யார் யோசனையோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த தடவை மலைப் பேருந்தில் போகும்போது எல்லோரும் பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் மறுபக்கம் பாருங்கள். பாறையை வெட்டிய சுவரின் அடியில் ஒரு சிறு வடிகால் ஓடும். சாலையும் பல இடங்களில் அந்தப் பக்கமாகவே லேசாகச் சாய்ந்திருக்கும். ஏன் தெரியுமா? மலைச்சரிவில் மேலே இருக்கிற மண்ணைக் கீழே இருக்கிற மண்தான் தாங்குகிறது. சாலைக்காக அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மேல்பகுதிக்குத் தாங்கல் போய்விடும். அதன்மேல் மழைத் தண்ணீரும் ஊறினால், தண்ணீர் மண் துகள்களுக்கு நடுவே புகுந்து அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளும். பிடிப்புத் தளர்ந்ததும் மொத்தமும் சரியும். அதனால் தண்ணீரைத் தேங்க விடாமல் உடனே ஓட்டிவிட வேண்டும். அந்த வடிகாலில் இலையும் குப்பையும் அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் சாலை மூடல் என்று செய்தி வந்துவிடும்.

ரயிலுக்கு இன்னும் நொறுநாட்டியம் அதிகம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் அது நல்லது, ஒரே எஞ்சின் ஆயிரக்கணக்கான டன்னை இழுத்துவிடும். ஏற்றத்தில் அதுவே வம்பு, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஊட்டி ரயிலுக்குத் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த பட்டை போட்டிருப்பது அதற்காகத்தான். அந்த வசதி இல்லாத ரயில் மலையைக் கடக்க வேண்டும் என்றால் மலையே கொஞ்சம் தணிந்து வழிவிட வேண்டும். அப்படி மலை தணிந்து நிற்கிற இடம்தான் கணவாய்.

நம் பக்கத்தில் அப்படிப்பட்ட இடம் செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவு. 1904இல் இதன் வழியாகத்தான் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. கணவாயிலும் கடைசியில் மிச்சமிருந்த மேட்டைக் குடைய வேண்டியிருந்தது. 800 மீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் அது. கழுதுருட்டி அருகே பள்ளத்தைத் தாண்ட, கல்லால் கட்டிய 13 கண் பாலம் இன்றும் நிற்கிறது. மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010இல் இந்த வழியில் ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2018இல்தான். இப்போது சென்னையிலிருந்து கொல்லம் போகிற ரயில் இரவில் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தாண்டி, அதிகாலையில் இந்த மலையில் ஏறுகிறது. ஏறும்போது முன்னால் ஓர் எஞ்சின் இழுக்கும், பின்னால் இன்னொன்று தள்ளும். தூக்கம் கலைந்தால் எட்டிப் பாருங்கள்.

கணவாய் வழியாக ரயிலும் லாரியும் மட்டும் வருவதில்லை, காற்றும் வரும். தென்மேற்குப் பருவக் காற்று குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் சாரலைக் கொண்டுவருவது இந்த இடைவெளியால்தான். கடையநல்லூர், சுரண்டைப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் சுழல்வதும் இதனால்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலை உயரமாக மறித்து நிற்பதால், மழையைக் கேரளத்திலேயே கொட்டிவிட்டு வறண்ட காற்றுத்தான் நம் பக்கம் இறங்குகிறது. ஆரியங்காவை விட்டால் அடுத்த பெரிய வாசல் வடக்கே, கம்பத்துக்கு மேலே உள்ள குமுளி. இந்த இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். அந்த 70 கிலோமீட்டரிலும் மலையைக் குறுக்கே தாண்டுகிற தேசிய நெடுஞ்சாலை ஒன்றுகூட இல்லை.

மலைக்குக் குறுக்கே பெரிய வழி இல்லை என்றதும், எல்லா வழியும் மலை அடிவாரத்தை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடின. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை வந்தது. திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை 744ம் கிட்டத்தட்ட அதே தடத்தில்தான் போகிறது. ஊர்களும் அந்தக் கோட்டிலேயே வளர்ந்தன. ரயில் வந்து ஒன்பது ஆண்டுகளில், 1936இல், ராஜபாளையத்தில் பெரிய நூற்பாலை ஒன்று தொடங்கியது. நூற்பாலைக்குப் பருத்திப் பொதி வந்து சேர வேண்டும், நூல் வெளியே போக வேண்டும். அது நடக்கிற இடத்தில்தான் ஆலை நிற்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற காயக்கட்டுத் துணியும் அப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்துக்கு இன்னும் அவசரம் அதிகம். காயாகவே பறித்து, கனிவதற்குள் கேரள எல்லையில் உள்ள புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும்.

பால் அதைவிட மோசம், சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அதைக் காய்ச்சிக் காய்ச்சி, தண்ணீரை ஆவியாக்கி, சர்க்கரையும் சேர்த்துப் பால்கோவா ஆக்கிவிட்டால் நாள் கணக்கில் தாங்கும். கெடுக்கிற நுண்ணுயிரிகளுக்கு வளரத் தண்ணீர் வேண்டும். இருக்கிற கொஞ்சத்தையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பேருந்து ஏறிப் போகக் கற்றுக்கொண்ட பால் என்று நான் சொல்வேன். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் அத்தனை பால்கோவா கடைகள் சும்மா முளைக்கவில்லை.

சாலை சரக்கை மட்டும் நகர்த்துவதில்லை, யார் எங்கே குடியிருப்பது என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. ஒரு கிராமத்திலிருந்து ராஜபாளையம் மில் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடந்தால் மூன்று மணி நேரம். போக மூன்று, வர மூன்று, நடுவில் எட்டு மணி நேர ஷிஃப்ட். யாராலும் முடியாது. அந்த வேலை வேண்டும் என்றால் வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு ராஜபாளையத்துக்கே குடிவர வேண்டும். அதே ஊருக்கு மில் வண்டி வந்து ஷிஃப்டுக்கு ஏற்றிப்போனால் 25 நிமிடம். அப்போது அக்கா வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிடுவாள். ஆடு மாட்டை விற்க வேண்டாம், பாட்டியைத் தனியே விட வேண்டாம், தம்பி பள்ளிக்கூடம் மாற வேண்டாம். தூரம் மாறவில்லை, நேரம்தான் மாறியது. மனிதர்கள் இடம்பெயர்வதைப் பற்றி ஆராய்கிறவர்கள் கிலோமீட்டரைவிட மணி நேரத்தையே அதிகம் கவனிக்கிறார்கள்.

மலைமேல் இருப்பவர்களுக்கு என்ன வழி?

இந்த மலையின் பழைய குடிகள் பளியர். தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்து வாழ்ந்தவர்கள். இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலும், ராஜபாளையம் அய்யனார் கோவில் பக்கத்திலும், வத்திராயிருப்புத் தாணிப்பாறையிலும் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. மூன்றுமே அடிவாரம், தார்ச்சாலை வந்து நிற்கிற இடம். காட்டுக்குள் தேனெடுக்கப் போகலாம். ஆனால் ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாலை போகிற வரைதானே வரும்?

தாணிப்பாறையிலிருந்துதான் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோவிலுக்கு நடந்து ஏறுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியில் கூட்டம் அள்ளும். அங்கே மேலே சோறு பொங்குகிற அரிசியும் எண்ணெயும் மனிதர்கள் தலையிலும் தோளிலும்தான் போகின்றன. அதற்கு எவ்வளவு உழைப்பு என்று கணக்குப் போடுவோமா? சுமக்கிறவர் 50 கிலோ, சுமை 30 கிலோ, மொத்தம் 80. 1000 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 80 × 9.8 × 1000, ஏறக்குறைய 7,84,000 ஜூல். கலோரிக் கணக்கில் 187 கிலோகலோரி. அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். நம் தசைகள் சாப்பாட்டிலிருந்து எடுக்கிற சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மிச்சம் சூடாகி வியர்வையோடு போய்விடும். ஆகவே நான்கால் பெருக்குங்கள். 750 கிலோகலோரி. ஓர் இட்லிக்கு 50 என்று வைத்தால் 15 இட்லி. ஒரே ஒரு ஏற்றத்துக்கு! மேலே போகப் போகத் தண்ணீர் பாட்டிலின் விலையும் ஏறுகிறதே என்று அப்பா முணுமுணுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சுமையாவது ஏறிவிடும். உடம்பு சரியில்லாதவர்களை இறக்குவதுதான் கஷ்டம். பெரியகுளத்துக்கு மேலே, திண்டுக்கல் மாவட்டத்தில் சின்னூர், பெரியூர் என்று மலைக்கிராமங்கள். காய்ச்சல்காரரையும் கர்ப்பிணியையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, ஆற்றைக் கடந்து இறங்கிய செய்தி அங்கிருந்து பலமுறை வந்திருக்கிறது. இரண்டு மூங்கில், நடுவே ஒரு போர்வை, தூக்க நான்கு பேர், மாற்றிக்கொள்ள இன்னும் நான்கு பேர். ஊரில் இளவட்டங்கள் எல்லோரும் திருப்பூருக்குப் போய்விட்டால் டோலி தூக்க ஆள் ஏது? அதற்குப் பிறகு வயதானவர்களும் கீழே இறங்கத்தான் வேண்டும்.

கொடைக்கானல் மலையில் வெள்ளகவி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அது வழி தெரியாத ஊர் இல்லை, வழியிலேயே இருந்த ஊர். பெரியகுளம், கும்பக்கரை, வெள்ளகவி, செண்பகனூர், கொடைக்கானல் என்று பாதை. வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் உட்கார, ஆட்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு இந்த வழியாகத்தான் ஏறினார்கள். 1910களின் நடுவில் மோட்டார் போகிற லாஸ் காட் சாலை திறந்தது. அது வேறு சரிவில், வளைந்து வளைந்து, நாம் பார்த்த 20க்கு 1 கணக்குக்கு ஏற்ற இடமாகப் பார்த்துப் போனது. காலுக்குச் செங்குத்துப் பாதை போதும், சக்கரத்துக்குப் போதாது. வெள்ளகவி இருந்த இடத்திலேயே இருந்தது. உலகம்தான் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அப்படியானால் எல்லா மலை ஊருக்கும் சாலை போட்டுவிட்டால் யாரும் ஊரைவிட்டுப் போக மாட்டார்களா? அதுவும் இல்லை. இமயமலையில் உத்தராகண்ட் மாநிலம் இருக்கிறதே, அங்கே மலைக்கிராமங்கள் காலியாகிக்கொண்டே வந்ததால் 2017இல் அரசு இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. 2011க்குப் பிறகு மட்டும் 700க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளில்லாமல் போயிருந்ததாக அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. போனதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், முதலில் வேலை இல்லை என்றார்கள். பள்ளியும் மருத்துவமனையும் அதற்கு அடுத்தபடி. சாலை, ஊருக்கு வருகிறவரைக் கொண்டுவந்து விடுகிற மாதிரியே போகிறவரையும் கூட்டிப்போகும். தினமும் போய்வரும்படி பேருந்தும், போகிற இடத்தில் வேலையும் சேர்ந்திருந்தால்தான் வீட்டுக்குப் பூட்டு விழாமல் இருக்கும்.

நம் மலையிலும் ஒரு சாலைப் பேச்சு ரொம்ப நாளாக நடக்கிறது. வத்திராயிருப்புப் பக்கத்துக் கிழவன்கோவிலிலிருந்து தேனி மாவட்டம் வருசநாட்டுக்கு மலைவழியாகச் சாலை வேண்டும் என்று இரு பக்கத்து மக்களும் கேட்கிறார்கள். வருசநாட்டில் விளைகிற இலவம் பஞ்சு மலையைச் சுற்றாமல் இந்தப் பக்கம் வந்துவிடும், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டாம். நியாயமான ஆசைதான். குறுக்கே இருப்பது காடு.

அந்தக் காட்டில் இன்னொரு போக்குவரத்து இருக்கிறது. அங்கே 1988இல் சரணாலயம் அமைத்ததே சாம்பல் நிற அணிலுக்காக. வீட்டு முற்றத்து அணில் என்று நினைக்காதீர்கள், மூக்கிலிருந்து வால் நுனிவரை அளந்தால் முக்கால் மீட்டர் வரும். ஓடைக்கரை மரங்களில் கூடு கட்டும். அதுவும் பக்கத்து மரத்துக் கிளையோடு கிளை தொடுகிற மரமாகப் பார்த்துக் கட்டும். கழுகோ பாம்போ வந்தால் கீழே இறங்காமல் கிளைக்குக் கிளை தாவித் தப்பிக்க வேண்டும் அல்லவா? நாம் ஓர் அகலமான சாலை போட்டால் இருபக்க மரங்களுக்கும் நடுவே இடைவெளி விழும். நமக்கு வழி திறக்கிற அதே இடத்தில் அதற்கு வழி அடைபடுகிறது. 2021இல் இந்தச் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. முதுகோடு முதுகாக அந்தப் பக்கம் கேரளத்தின் பெரியாறு காப்பகம். புலியும் யானையும் இங்கிருந்து அங்கே போக எந்தச் சோதனைச் சாவடியும் இல்லை.

சாலையும் வேண்டும், காடும் வேண்டும் என்கிற இடங்களில் சில வேலைகள் செய்து பார்த்திருக்கிறார்கள். வால்பாறை புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். சிங்கவால் குரங்குகள் அதில் ஏறிக் கடக்கின்றன. யானைக்கு அந்தப் பாலம் தாங்காது. சத்தியமங்கலம் காட்டில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைச்சாலையில், 2022இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவு வண்டிகளை நிறுத்தினார்கள். விலங்குகள் நடமாடுகிற நேரம் இரவு. ஆனால் மலைக்கு மேலே தாளவாடியில் மக்கள் போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள். காலையில் சந்தைக்குக் காய்கறி எப்படிப் போகும், ராத்திரி பிரசவ வலி எடுத்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். பிறகு உள்ளூர்க்காரர்களின் வண்டிகளுக்கும் ஆம்புலன்சுக்கும் விலக்குக் கொடுத்தார்கள், பெரிய லாரிகளுக்குக் கொடுக்கவில்லை.